ஆவணி வெயிலுக்கு அளந்த தாங்கி

“வீட்டிலை எத்தினை பேர்?” என்று கேட்டார் தண்ணீர் சுடவைக்கிற சோலர் பூட்ட வந்த கம்பனிக்காரர்.

“ரெண்டு பேர்” என்றேன் நான்.

“பதினாறு” என்றார் அண்ணை. அண்ணை கனடாவில் இருந்தார். என் கையிலிருந்த ரெலிபோன் திரையில், குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

கம்பனிக்காரர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பதினாறு என்று எழுதிக்கொண்டார். அவரில் நான் பிழை சொல்லமாட்டேன். ஆர் வாங்குகிறாரோ அவர் சொல்வதைத்தானே எவரும் எழுதுவார்கள். ஆனால் அந்த நிமிடம் எனக்குத் தலைக்கேறிய கொதி இன்னும் முழுதாக இறங்கவில்லை. இறங்கவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வீட்டில் அக்காவும் நானும்தான். அக்கா என்னிலும் பதினொரு வயது மூத்தவர். இரண்டு பேருமே கலியாணம் கட்டவில்லை. அதற்கு ஆளுக்கொரு காரணம் இருக்கிறது, அது இங்கே தேவையில்லை. நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். அக்கா கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதியவர். அண்ணையையும் என்னையும் படிப்பித்து ஆளாக்கிவிட்டு அவர் ஓய்வு எடுத்த கையோடு மூட்டுவாதம் வந்து அவரைப் பிடித்துக்கொண்டது.

வாதம் என்றால் சும்மா நோவு என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்கிறேன். விடியக்காலையில் அக்காவின் கைகள் கைகளாக இருக்காது. விரல்கள் உள்ளுக்கு மடங்கி இறுகிவிடும். தலைமயிரை ஒதுக்க முடியாது, கோப்பை பிடிக்க முடியாது, பாத்றூமுக்குப் போனால் உடுப்பை அவிழ்க்க முடியாது. நல்ல சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் கையை வைத்திருந்தால் விரல்கள் ஒவ்வொன்றாக இளகும். பிறகு அதே சூட்டில் தோளிலும் முழங்காலிலும் வார்த்துக் குளித்தால் ஆள் எழும்பி நடப்பார். அதன்பிறகு சமைப்பார், பேப்பர் படிப்பார், பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் குழை போடுவார், என்னோடு சண்டை பிடிப்பார். சுடுதண்ணீர் இல்லையென்றால் அந்த நாள் முழுக்கக் கட்டில்தான்.

அந்தத் தண்ணீரை நான் குசினியில் கொதிக்கவைத்துப் பின்பக்கப் பாத்றூமுக்குத் தூக்கிக்கொண்டு போவேன். பானை பானையாக. பிறகு ஓடிப்போய் பஸ் பிடிப்பேன். பாத்றூமில் கரண்டில் சுடவைக்கும் பெட்டி ஒன்று முன்பு பூட்டிப் பார்த்தோம். வீட்டு வயரிங் பழசு, போட்டவுடன் மெயின் சுவிட்ச் விழும். மாரியில் காற்றடித்தால் ஊர் முழுக்கவே கரண்ட் போய்விடும். அதனால் விறகும் காஸும் பானையும் என்னுடைய முதுகும் நாரியும்தான்.

போன வருடம் மாசியில் ஒருநாள் குசினி வாசலில் வழுக்கினேன். பானை என் வலதுகாலில் கவிழ்ந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்தும் பள்ளிக்கூடம் போக முடியாமல் படுத்திருந்தேன். அந்த நாட்களில் அக்காவைப் பார்க்க ஆளில்லை. ஒரு அறையில் நான், மற்ற அறையில் அவர், இரண்டு கட்டில். பக்கத்து வீட்டு மனிசி சோறு கொண்டுவந்து தந்தா. உறவுக்காரர் எல்லாருக்கும் செய்தி போனது.

உடனே அண்ணையின் வீடியோ கோல் வந்தது. அண்ணை, அவர் மனைவி மச்சாள், லண்டனில் இருக்கும் பெரியப்பாவின் மகன், அவருடைய மனிசி என்று திரை முழுக்க முகங்கள். எல்லாரும் அனுதாபப்பட்டார்கள். அனுதாபம் முடிந்ததும் அண்ணை விஷயத்துக்கு வந்தார்.

“தங்கச்சி, நீயும் வயது போன ஆள். உன்னாலை ஏலாது. நல்ல முதியோர் இல்லங்கள் இப்ப இருக்கு. நேர்ஸ் இருக்கு, சுடுதண்ணி இருக்கு. அக்காவை அங்கை விடுவம். நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.”

அக்கா அடுத்த அறையில் படுத்திருந்தார். கதவு திறந்திருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அதுவரை முனகிக்கொண்டிருந்தவர் அந்த வசனத்தோடு முனகலை நிறுத்திவிட்டார்.

“அவ எங்கையும் போகமாட்டா” என்றேன்.

“அப்ப தண்ணிப் பிரச்சினைக்கு ஒரு முடிவு காணவேணும். இன்னொருக்கா இப்பிடி நடந்தால் நான் கேட்டுக்கொண்டு இருக்கமாட்டன். சோலர் ஒண்டு போடுவம், காசு நான் தாறன். அதுக்குப் பிறகும் சரிவரேல்லையெண்டால் இல்லம்தான்.”

சரி என்றேன். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம். வெயிலில் தண்ணீர் சுடவைக்கிற பெட்டி வந்தால் பானை தூக்கத் தேவையில்லை, அக்கா வீட்டில் இருப்பார். அவ்வளவுதானே எனக்கு வேண்டும். காலில் கட்டோடு படுத்திருந்த எனக்கு நல்ல வேலையும் கிடைத்தது. கணக்குப் போடத் தொடங்கினேன்.

இந்தக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் எங்கே தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆட்களை எண்ணித் தொடங்கக் கூடாது. தண்ணீரில் இருந்து தொடங்கவேண்டும். அக்காவின் கை, கால் ஊறவைக்க ஒரு பேசின், இருபது லீற்றர். அவருக்குக் குளிக்க ஐம்பது, எனக்கு ஐம்பது. நூற்றிருபது லீற்றர். எவ்வளவு சூடு? பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து ஒரு வெப்பமானியைக் கொண்டுவரச் செய்து பேசினுக்குள் விட்டுப் பார்த்தேன். நாற்பது பாகையில் அக்காவின் விரல் இளகுகிறது. முப்பத்தைந்தில் இளகாது. கிணற்றிலிருந்து மேல்தாங்கிக்கு ஏறிய தண்ணீர் மாரியில் விடியப்புறம் இருபத்தாறுக்குக் கிட்ட இருக்கும். ஆக, நூற்றிருபது லீற்றரைப் பதினாலு பாகை ஏற்றவேண்டும். மின்சாரப் பில்லில் வருகிற அலகில் சொன்னால் கிட்டத்தட்ட இரண்டு அலகு. எங்களுக்குத் தண்ணீர் வேண்டியது விடியக்காலையில். அப்படியென்றால் அது முதல்நாள் வெயில். இரவு முழுக்கத் தாங்கிக்குள் இருந்து ஆறும். அதற்கு ஒரு அரை அலகு. மொத்தம் இரண்டரை.

இனி வெயில். எந்த மாதத்து வெயில்? இங்கேதான் மனுசருக்கு அறிவு வேண்டும். ஆவணியில் கொளுத்துகிற வெயிலுக்குக் கணக்குப் போட்டால் எந்தச் சின்னப் பெட்டியும் காணும், மிச்சமும் வரும். ஆவணியில் ஆருக்கு ஐயா சுடுதண்ணீர் வேண்டும்? கார்த்திகையிலும் மார்கழியிலும் கடலில் தாழமுக்கம் வந்து, வானம் கறுத்து, குளிர்காற்று வாழையிலையைக் கிழிக்கும்போதுதான் அக்காவின் மூட்டு இறுகும். எந்த நாளில் சூடு அதிகம் தேவையோ அந்த நாளில்தான் வெயில் இல்லை. அந்த நாளுக்குத்தான் அளக்கவேண்டும். அப்படிப்பட்ட நாளில் ஒரு சதுர மீற்றரில் ஒன்றரை அலகு வெயில் விழுந்தால் பெரிய காரியம். அதிலும் பாதிதான் தண்ணீருக்குள் இறங்கும். முக்கால் அலகு. இரண்டரையை முக்காலால் பிரித்தால் மூன்றே கால், மூன்றரைச் சதுர மீற்றர்.

அந்தக் கம்பனியின் கண்ணாடிப் பனல் ஒன்று ஒன்றே முக்கால் சதுர மீற்றர். அப்போ இரண்டு பனல், நூற்றைம்பது லீற்றர்த் தாங்கி. தெற்குப் பார்த்து, கூரையின் சாய்வைவிடக் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கவேண்டும், மார்கழிச் சூரியன் தெற்கே தாழ்ந்து நிற்பதால். கோடையில் தண்ணீர் அளவுக்குமிஞ்சிக் கொதிக்கும். அதற்கென்ன, ஒரு பனலைச் சாக்குப் போட்டு மூடிவிடலாம். இவ்வளவுதான். நான் படிப்பிக்கிற பிள்ளைகளில் மூளை மொட்டையான பிள்ளைக்கும் விளங்கும்.

அண்ணைக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள மனமில்லை என்பதுதான் சரி. அடுத்த கோலில் நான் கணக்கைச் சொல்லத் தொடங்கியதும் மச்சாள் இடையில் புகுந்தா.

“நூற்றைம்பது லீற்றர் என்னத்துக்குக் காணும்? ஆவணியிலை நாங்கள் எல்லாரும் வந்தால்? பிள்ளையள் சுடுதண்ணி இல்லாமல் குளிக்காதுகள்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு வருடமும் நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணை குடும்பமும் பெரியப்பாவின் மகன் குடும்பமும் பிள்ளைகளும் வருவார்கள். இரண்டு கிழமை நிற்பார்கள். அந்த இரண்டு கிழமைதான் அவர்களுடைய மனதில் வீடு. மற்ற ஐம்பது கிழமையும் அந்த வீட்டில் இரண்டு பேர் சீவிக்கிறார்கள் என்பது ஒரு செய்தி மாதிரி அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

“முன்னூறு லீற்றர்த் தாங்கி போடுவம்” என்றார் அண்ணை.

“அப்ப பனலும் கூடப் போடவேணும், அண்ணை. மாரிக்கு...”

“உனக்கென்ன விசரே? யாழ்ப்பாண வெயிலுக்கு ரெண்டு பனலோ? போனமுறை வந்தபோது எனக்குத் தலை சுட்டுப் பொசுங்கினது. உந்த வெயிலுக்கு ஒண்டே காணும், மிஞ்சும். இஞ்சை பனிக்குள்ளையே சனம் சோலர் வைச்சிருக்குது.”

“நீங்கள் வாறது ஆவணியிலை. நான் மார்கழியைச் சொல்லுறன்.”

“ஆவணியெண்டால் என்ன, மார்கழியெண்டால் என்ன, எங்கடை ஊரிலை எப்பவும் வெயில்தானே!”

எங்கடை ஊர். இந்த மனுசன் முப்பது வருடமாக ஒரு மாரியைக்கூட இங்கே கண்டதில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்துக்கு ஊர் என்றால் திருவிழா வெயில். அதற்குள் வந்து இறங்கி, அதற்குள் படம் எடுத்து, அதற்குள்ளேயே பிளேன் ஏறிவிடும். பிறகு குளிருக்குள் இருந்துகொண்டு அந்த வெயிலைத்தான் வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் அந்த நினைப்பை வைத்துக்கொண்டு என் அக்காவின் தண்ணீரை அளக்க வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

நான் கத்தினேன். அண்ணையும் கத்தினார். “நீ பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற மாதிரி எனக்குப் படிப்பியாதை” என்றார். மச்சாள் “சும்மா விடுங்கோ, அவவுக்கு எப்பவும் இப்பிடித்தான்” என்றா. கடைசியில் முன்னூறு லீற்றர்த் தாங்கியும் ஒரு பனலும் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பனிக்காரர் வந்ததும், எத்தனை பேர் என்று கேட்டதும், பதினாறு என்று எழுதியதும். அக்கா கூரையில் ஏறிய அந்தக் கண்டறியாத தாங்கியை முற்றத்தில் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, “வடிவாத்தான் இருக்கு” என்றார். எனக்காகச் சொன்னார். எங்கே நான் திரும்ப அண்ணையோடு சண்டை கொழுவிவிடுவேனோ என்ற பயம்.

சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் நல்லாகத்தான் போனது. பொய் சொல்லக்கூடாது. குழாயைத் திருகினால் ஆவி பறந்தது. பைப்பை முழங்கையால் தள்ளித் திறக்கிற மாதிரி நீளக் கைபிடி ஒன்று பூட்டுவித்திருந்தேன், அதனால் அக்கா என்னைக் கூப்பிடாமலே தானாகக் குளித்தார். அண்ணை கோல் எடுத்து, “எப்பிடி? நான் சொன்னனானெல்லே?” என்று கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓம் என்றேன்.

ஆவணியில் வந்தார்கள். பன்னிரண்டு பேர், இரண்டு பேருக்கு விசா சரிவரவில்லை. வந்த அன்றே எல்லாரும் உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே எங்கே போனார்கள் தெரியுமா? கிணற்றடிக்கு. பிள்ளைகள் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு கூத்தாடினார்கள். பெரியப்பாவின் மகன் மனிசியோடு துலாவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார். மச்சாள் ஈரத்தலையோடு வந்து, “ஐயோ, உந்தக் கிணத்துத் தண்ணிக்கு என்ன குளிர்மை! இதுக்குத்தானே வாறது” என்றா. அந்த இரண்டு கிழமையும் ஒரு சனமும் சுடுதண்ணீர்க் குழாயைத் தொடவில்லை. முன்னூறு லீற்றரும் கூரையில் சும்மா கொதித்துக்கொண்டு கிடந்தது. நான் வாய் திறக்கப்போன போதெல்லாம் அக்கா என் கையைப் பிடித்து அமர்த்திக்கொண்டே இருந்தார். போகும்போது அண்ணை தாங்கியை நிமிர்ந்து பார்த்து, “நல்ல சாமான்” என்று சொல்லிவிட்டு வாசலில் நின்ற வான் வண்டியில் ஏறினார்.

கார்த்திகை பிறந்து முதல் தாழமுக்கம் வந்தது. முதல் இரண்டு நாளும் தாங்கியில் இருந்த பழைய சூடு காப்பாற்றியது. மூன்றாம் நாள் வெதுவெதுப்பு. நான்காம் நாள் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன், முப்பத்துமூன்று. நான் முன்பே கணக்கில் கண்ட இலக்கம்தான். ஒரு பனல் கொண்டுவருகிற துளிச் சூட்டை முன்னூறு லீற்றருக்குள் கலந்தால் வேறென்ன வரும்? குடம் நிறையத் தண்ணீருக்கு ஒரு கரண்டி சீனி. முப்பத்துமூன்று பாகைத் தண்ணீர் வாதம் பிடித்த உடம்பில் பட்டால் அது சுடுதண்ணீர் இல்லை, குளிர்தண்ணீர். கரண்டும் இல்லை. நான் திரும்பவும் பானையை அடுப்பில் ஏற்றினேன். அக்கா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வலதுகால் தழும்பு ஈரத்துக்கு இழுத்துப் பிடிக்கும், நான் நொண்டிக்கொண்டு போவதை அவர் பார்த்தார்.

அடுத்தநாள் சொன்னார், “நீ விடியவே என்னை அரியண்டப்படுத்தாதை. நான் பத்து மணி போலை ஆறுதலாக் குளிக்கிறன். அப்ப கொஞ்சம் வெளிச்சம் வரும், தண்ணியும் சூடாயிரும். நீ போ, பஸ்ஸை விடப்போறாய்.” பின்னேரம் வந்து கேட்டால், “ஓம், நல்ல சூடு. கை எல்லாம் இளகீட்டுது” என்பார். ஆள் எழும்பி நடந்ததையும் கண்டேன். சோறும் கறியும் இருந்தது.

ஒருநாள் வெள்ளம் என்று பள்ளிக்கூடத்தைப் பாதியிலே விட்டார்கள். பலாலி வீதியில் முழங்கால் தண்ணீருக்குள் நடந்து, கிடைத்த பஸ்ஸில் தொங்கி, பத்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். பாத்றூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். அதற்கு மேலே இன்னொரு சத்தம், பல்லும் பல்லும் அடிபடுகிற சத்தம். கதவைத் தள்ளினேன். அக்கா ஸ்ரூலில் குந்தியிருந்தார். உதடு நீலம். மடங்கின விரலுக்குள் கோப்பையைச் செருகிக்கொண்டு அந்தக் குளிர்தண்ணீரை முழங்காலில் வார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார்.

“என்ன வேலை செய்யிறியள்?” என்று கத்தினேன்.

“சூடுதான்... சூடுதான், நீ கத்தாதை.”

துவாயால் சுற்றிக் கட்டிலுக்குக் கொண்டுவந்து, இரண்டு போர்வையால் மூடி, கேத்தில் வைத்துக் கோப்பி கொடுத்தேன். அவருடைய கால்களைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். ஏன் பொய் சொன்னனியள் என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார், “சூடில்லையெண்டு சொன்னால் நீ பானை தூக்குவாய். நீ விழுந்தால் என்னை இல்லத்திலை விட்டிடுவாங்கள்.”

இரண்டு நாளில் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு கிழமைக்கு மேல் கிடந்தார். வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் அண்ணையின் கோல். அதே முகங்கள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து போனைப் பிடித்திருந்தேன், அக்கா திரைக்குள் வராமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“சொன்னனானெல்லே” என்று தொடங்கினார் அண்ணை. “சோலரும் போட்டாச்சு. அதுக்குப் பிறகும் இப்பிடியெண்டால் என்ன அர்த்தம்? உன்னாலை பாக்க ஏலாது எண்டுதானே அர்த்தம். நான் ஒரு இல்லத்தோடை கதைச்சிட்டன். வாற கிழமை அக்காவை ஏத்த வான் வரும்.”

என்னுடைய வாயிலிருந்து அன்று வந்ததெல்லாம் எழுதக்கூடியது இல்லை. கோதாரி விழுந்த தாங்கி என்றேன். உங்கடை ஆவணித் தாங்கி என்றேன். இரண்டு பனல் கேட்டேன், ஒன்று தந்தீர்கள், சின்னத் தாங்கி கேட்டேன், பெரிசு தந்தீர்கள், இப்போ குளிர்தண்ணீரில் குளித்து அவ சாகக் கிடந்தா, அதற்கும் நானா பழி என்று கேட்டேன். கம்பனிக்காரரோடு கதைத்துவிட்டேன், பெரிய தாங்கியை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சின்னத் தாங்கியும் இன்னொரு பனலும் தர அவர் சம்மதம், நாளைக்கே மாற்றப்போகிறேன் என்றேன். வான் வந்தால் படலையைத் திறக்கமாட்டேன் என்றேன்.

“நீ விசர்க்கதை கதையாதை. அக்காவிலை எனக்கில்லாத அக்கறையே உனக்கு?” என்று அண்ணை கத்தினார்.

அப்போது அக்கா திரும்பினார். போனைத் தன் பக்கம் திருப்பும்படி தலையால் காட்டினார். இந்தக் கோல்களில் அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவரைப் பற்றித்தான் எல்லாரும் கதைப்பார்கள், அவரோடு இல்லை.

“தம்பி” என்றார். மூச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. “நீ ஒவ்வொருமுறையும் வெயிலுக்கை வந்து வெயிலுக்கையே போறாய். மழைக்குள்ளை ஒருக்கா வந்து என்னோடை நில், ராசா. அதுக்குப் பிறகு நீ எங்கை போகச் சொன்னாலும் நான் போறன்.”

திரையில் மச்சாள் கீழே பார்த்தா. அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனுசனுக்கு ஏதோ விளங்கிவிட்டது என்று நானும் ஒரு நிமிடம் நம்பினேன். என் கொதி சற்று அடங்கவும் பார்த்தது. பிறகு அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார்:

“அது சரி, அக்கா... அப்ப பெரிய தாங்கியைக் குடுத்திட்டால், ஆவணிக்கு நாங்கள் வந்தால் என்ன செய்யிறது?”

நான் கோலைத் துண்டித்தேன். அண்ணை திரும்ப எடுத்தார், நான் எடுக்கவில்லை. பிறகு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இனி நீங்களாச்சு உங்கடை தாங்கியாச்சு, எனக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை என்று. அதை நான் அக்காவுக்கு வாசித்துக் காட்டவில்லை. ஆனால் வான் வரவில்லை என்பதிலேயே அவர் விளங்கிக்கொண்டார்.

தாங்கியை மாற்றினோம். மழை விட்ட இடைவெளியில் கம்பனிக்காரரும் இரண்டு பேரும் வந்து, பெரிசைக் கயிறு கட்டி இறக்கி, சின்னதை ஏற்றி, இரண்டு பனலையும் தெற்குப் பார்த்து நிமிர்த்திப் பூட்டிவிட்டுப் போனார்கள். மார்கழியில் அடுத்த தாழமுக்கம் வந்தது. வானம் ஐந்து நாளாகத் திறக்கவில்லை. ஆறாம் நாள் விடிய பேசினுக்குள் தண்ணீர் திறந்து, வெப்பமானியை விட்டேன். நாற்பத்தொன்று. எனக்குத் தனியே நின்று யாரையோ ஏசவேண்டும் போல இருந்தது. அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு ஆத்திரம்.

அக்கா கைகளை உள்ளே வைத்தார். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றும் பாராமல் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். பெருவிரல் முதலில் இளகியது. பிறகு சுட்டுவிரல். நேரம் எடுத்தது, ஆனால் ஐந்தும் நேராக வந்தது. அவர் கையைத் துவாயில் ஒற்றி, விரித்துப் பார்த்து, மூடிப் பார்த்து, “என்ரை போனைத் தா” என்றார்.

தானாக இலக்கம் அழுத்தி அவர் ஆருக்கும் கோல் எடுத்து எவ்வளவோ காலம். நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அன்று அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, சுட்டுவிரலால் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். அண்ணையின் இலக்கம். பாடமாகத் தெரியும் அவருக்கு.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா போனைக் காதோடு வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தானாக நின்றது. திரும்ப எல்லா இலக்கத்தையும் அழுத்தினார். அதுவும் அடித்து நின்றது.

“வேலையா இருப்பான்” என்றார்.

எங்களுக்கு விடிய ஆறரை என்றால் கனடாவில் அண்ணைக்கு இரவு எட்டு மணி. அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.